பாய் கடை நாலு ரோடு

மூன்றரை மணி டவுன் பஸ் போனதும் பாடையைத் தூக்கினார்கள். பவானி, தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். தெருமுனையில் அமரர் ஊர்தி காலியாக நின்றது.

அதைத் தம்பி பாலகுமார் வரவழைத்திருந்தான். சுடுகாடு நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். ஊர்தியில் வைத்தால் தூரத்தில் இருக்கும் வளைவில் திரும்பி வந்துவிடலாம் என்றான். ஏன் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

“நாலு ரோட்ல திருப்பாம அப்பாவ அனுப்ப மாட்டேன்டா.”



ஊரில் யார் செத்தாலும் நாலு ரோட்டில் பாடையை இறக்கி ஒருமுறை திருப்பித் தூக்குவார்கள். செத்தவருக்கு வீட்டு வழி மறந்துபோகும் என்பார்கள். பெண்கள் அதோடு நின்றுவிட வேண்டும்.

முன்பு அங்கே, இப்போது கடை நடத்தும் அப்துல் ஹக் மாமாவின் அத்தா போட்ட டீக்கடை மட்டும்தான். காட்டுமன்னார்கோயில் பஸ் வந்தபோது கண்டக்டர் ‘பாய் கடை’ என்று சொல்லிச் சீட்டுக் கிழித்தார். அதுவே பெயராயிற்று. பிறகு சைக்கிள் கடை, சலூன், உரக்கடை. சாலையை அகலப்படுத்தியபோது எல்லாம் போயின. பாய் கடை மட்டும் எதிர்ப்பக்கம் தள்ளிப்போய் நின்றது. நடுவில் இடுப்பளவு கான்கிரீட் சுவர் வந்தது.

பாலகுமார் அந்த வேலையில் சூப்பர்வைசர். ஊருக்காக ஓர் ஆள் நுழையும் சந்து விட்டிருந்தான். போன மாதம் அதையும் அடைக்கச் சொன்னார்கள். அடைத்தான்.

அதன்பிறகு அப்பா பாய் கடை டீக்குச் சுவரேறிப் போனார். வூட்ல டீத்தூளே இல்லாத மாதிரி போறாரு பாரு என்று அம்மா தினமும் திட்டுவாள். நேற்றுக் காலை அந்தப் பக்கம் இறங்கியபோது லாரி அடித்தது.

ஆட்கள் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார்கள். ஒரு லாரி டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றார். மற்ற வண்டிகளும் அடங்கின.

பாடையை இறக்கினார்கள். திருப்பினார்கள். மறுபடி தோளில் ஏற்றினார்கள். அம்மா சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கொள்ளி வைப்பவன்தான் முன்னால் போக வேண்டும். பாலகுமார் சட்டியோடு சுவர்முன் நின்றான். அவன் நின்ற இடத்தில் மட்டும் சிமெண்ட் வெளுப்பாக இருந்தது. சட்டியிலிருந்து புகை அவன் முகத்தில் அடித்தது. அவன் ஏறவில்லை. பின்னால் பாடையைச் சுமந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து அப்துல் ஹக் மாமா வந்தார். கைலியில் டீக்கறை. சுவருக்கு மேலாகக் கையை நீட்டினார்.

“கைய குடு மாப்ள. ஒங்கப்பாவயும் தெனம் நாந்தான் புடிச்சி எறக்குவேன். நேத்து அடுப்புல பால் இருந்திச்சு.”