பப்ளிமாஸ்காரரும் கொழுப்பு மாத்திரையும்

பப்ளிமாஸ் தோட்டங்களுக்குப் பேர்போன மாதோ ஊரில் பறிப்பு தொடங்குகிற வாரத்தில்தான் டிவிக்காரர்களுக்கு வருஷா வருஷம் அந்தச் செய்தி ஞாபகம் வரும். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தி வந்து, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பப்ளிமாஸைத் தொடும் முன் டாக்டரைக் கேளுங்கள் என்பாள். பப்ளிமாஸ் தோட்டக்காரர் பூன்-ஹியோங் சோற்றுக் கிண்ணத்தை மேஜையில் டங்கென்று வைப்பார்.

"வந்துட்டா பாரு! நம்ம வயித்துல அடிக்கறதுக்குன்னே, பழம் விக்கிற நிலாப் பண்டிகைக்கு முன்னாடி வந்து நிப்பா. எங்கப்பா சாகற வரைக்கும் இந்தப் பழத்தைத்தான் தின்னாரு."

"உங்கப்பா நெஞ்சுக்குள்ள ஸ்டென்ட் வச்சுக்கிட்டுத் தின்னாரா?" என்று கேட்டாள் அவர் மனைவி ஆ-கியோக்.

"நீ எந்தப் பக்கம்டி?"

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போன குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சடைத்தது. ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, தினமும் ஒரு கொழுப்பு மாத்திரையும் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். மாத்திரையோடு வந்த முதல் பறிப்பு இதுதான். மாத்திரையைப் பற்றி அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று பிற்பாடு அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

பறித்த பழத்தை உடனே பெட்டியில் போட மாட்டார்கள். கொட்டகையில் பரப்பி, தோல் சுருங்கி நீர் வற்றும் வரை காத்திருக்க வேண்டும். எந்த மரத்துப் பழம் பக்குவமாகிவிட்டது என்பதைப் பூன்-ஹியோங் வாயில் போட்டுப் பார்த்துத்தான் சொல்வார். காலையில் ஆரம்பித்தால் இருட்டும் வரை வெட்டுவதும் தின்பதும்தான். கோணல் மாணலாகப் போன பழங்களையும் வீணாக்க மனசு வராது. மத்தியானச் சாப்பாடே அதுதான். ராத்திரி மாத்திரையையும் ஒழுங்காக விழுங்குவார். அந்த விஷயத்தில் மட்டும் நல்ல பிள்ளை.

முதலில் தொடை வலித்தது. பிறகு ஏணியில் கால் வைக்க முடியவில்லை. பழப்பெட்டியைத் தூக்கப் போனவர் அப்படியே அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். பறிப்புக் காலத்தில் யாருக்குத்தான் உடம்பு வலிக்காது என்று ஆ-கியோக்கின் வாயை அடைத்தார். ஒரு நாள் காலை அவர் தண்ணீர் ஊற்றாமல் வந்த கழிப்பறையில் அவள் எட்டிப் பார்த்தாள். மூத்திரம் சோயா சாஸ் மாதிரிக் கறுத்துக் கிடந்தது. மறுபேச்சுப் பேசவிடாமல் அவரைச் சின்ன லாரியில் ஏற்றி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளே ஓட்டிக்கொண்டு போனாள்.

மாத்திரை எழுதிக் கொடுத்த அதே இளம் டாக்டர்தான் வந்தார்.

"தசை சிதைஞ்சு ரத்தத்துல கலந்திருக்கும்மா. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். இந்த மாத்திரையால லேசா வலி வர்றதுண்டு, இவ்வளவு தூரம் போறது ரொம்ப அபூர்வம். மருந்து உடம்புல செலவாகாம ரத்தத்துல ஏகத்துக்கு ஏறியிருக்கணும். பெரியவர் பப்ளிமாஸ் ஏதாவது சாப்பிட்டாரா?"

ஆ-கியோக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாதோக்காரன்கிட்ட இப்ப வந்து கேக்குறீங்களா? உங்க கம்ப்யூட்டர்ல இவரு ஊர் பேரு இல்லையா? இவரு விரலைப் பாருங்க, எந்த சோப்புக்கும் போகாத பழத்தோல் கறை. எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை, என்ன வேலை பாக்குறீங்கன்னு கேட்டிருந்தா உங்க வாய்ல இருக்கிற முத்து கொட்டிடுமா?"

"பப்ளிமாஸ் கூடாதுன்னு மருந்துப் பையில அச்சடிச்சிருக்கும்மா..."

"எறும்பு சைஸ்ல!"

டாக்டரின் காது சிவந்துவிட்டது. "கேட்டிருக்கணும். தப்புதான்," என்றார். அதே இனத்தில் இந்தப் பழத்தோடு மோதாத வேறு மாத்திரை இருப்பதாகவும், ரத்தப் பரிசோதனை சரியானதும் அதைக் குறைந்த அளவில் தொடங்கலாம் என்றும் சொன்னார். ஸ்டென்ட் வைத்தவர் மாத்திரையை ஒரேயடியாக விட்டுவிட்டால் திரும்ப அடைக்கும் ஆபத்து கூடும் என்றார்.

"அப்ப மாதோக்காரனுக்கு அந்த மாத்திரையை முதல்லயே குடுத்திருக்கலாமே!" என்றாள் ஆ-கியோக்.

நல்லவேளை, சிறுநீரகம் பிழைத்தது. ஊருக்குத் திரும்பிய பூன்-ஹியோங், கேட்டவர்களிடமெல்லாம் வெயிலில் மயங்கிவிட்டதாகச் சொல்லிவைத்தார். சொந்தப் பழமே தன்னைச் சாய்த்துவிட்டது என்று வெளியே தெரிந்தால் மானம் போகும், வியாபாரமும் போகும். அந்த வருஷம் பண்டிகை தள்ளி வந்ததால், புதிய மாத்திரை தொடங்கிய பிறகும் பழப்பெட்டிகள் விற்பனைக்குப் போய்க்கொண்டிருந்தன.

உரத்துக்காகப் பழத்தோல் வாளியைக் கொட்டப் போன ஆ-கியோக், பப்ளிமாஸ் தோலுக்கு நடுவே ஊறி உப்பிய மாத்திரைகளைப் பார்த்தாள். வாளியோடு புருஷன் முன்னால் போய் நின்றாள். பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

"என்னய்யா இது?"

"அதுவும் அதே இனம்தானே?" அவர் குரல் இறங்கியிருந்தது. "உனக்கென்ன தெரியும்? படுக்கையில என் காலை என்னாலயே தூக்க முடியல. கால் போச்சுன்னா ஏணி ஏற யார் இருக்கா?"

"நெஞ்சு நின்னுட்டா ஏணி எதுக்கு? வலிச்சா சொல்லு, அடுத்த நிமிஷம் லாரியை எடுக்கிறேன். வாளியில போட்டுட்டு என்னை ஏமாத்தாதே!"

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் நின்றது. வருஷா வருஷம் காவ்சியுங் நகரத்திலிருந்து பழம் வாங்க வரும் திருமதி ஹௌ இறங்கினாள். மாமனாருக்கு இந்த வீட்டுப் பழம் என்றால் உயிர் என்று சொல்லிக்கொண்டே பெட்டிகளைக் காரில் ஏற்றினாள். ஆ-கியோக் உள்ளே போய், ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் தண்ணீருமாக வந்து புருஷன் எதிரே நின்றாள்.

"முழுங்கு," என்றாள் மெல்லிய குரலில். "இல்ல, நீ எதனால படுத்தேன்னு இப்பவே அந்தம்மாகிட்டச் சொல்லிடுவேன்."

"வாயை மூடுடி, காதுல விழப்போகுது!"

"முழுங்கு."

அவர் அவளை முறைத்தார். காரைப் பார்த்தார். வெடுக்கென்று மாத்திரையைப் பிடுங்கி வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்தார். அவள் விடவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியிலும் பார்த்தாள். பிறகு கார் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, கொஞ்சம் இருங்க. உங்க மாமனார் கொழுப்பு மாத்திரை சாப்பிடுறாரா? சாப்பிட்டா, டாக்டர்கிட்ட அது எந்த மாத்திரைன்னு கேக்காம இந்தப் பெட்டியைப் பிரிக்காதீங்க. இந்த மனுஷன் ஆஸ்பத்திரியில கிடந்தது வெயிலால இல்ல."

திருமதி ஹௌ கையில் பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அடிப்பாவி, அதான் முழுங்கிட்டேனே!" என்று அலறினார் பூன்-ஹியோங்.

"முழுங்கினது உன் உசுருக்கு. சொன்னது அவங்க மாமனார் உசுருக்கு," என்றாள் ஆ-கியோக்.