குழிக்குள் இருந்த சர்க்கரை

அந்தப் புரதத்துக்கு ஆய்வகத்தில் வைத்திருந்த பேர் வெட்டி ஆபீசர். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா அதை மெனக்கெட்டு ஏராளமாகத் தயாரித்துத் தள்ளுகிறது, எதற்கென்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. சும்மா இருக்கிற ஆளுக்கு எந்த உயிரும் இத்தனை செலவழிக்காது, அதனால் வேலை ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள்.

அதைப் படிகமாக்கி, எக்ஸ்ரே அடித்து, அணு அணுவாக அதன் வடிவத்தைக் கண்டுபிடித்தவள் அவள். எந்த அடம்பிடித்த புரதமும் அவளிடம் போனால் படிகமாகிவிடும் என்பதால் கைராசிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வடிவம் கிடைத்ததும் முகஜாடை பார்ப்பது இந்தத் தொழிலில் வழக்கம். வேலை தெரியாத புரதத்துக்கு வேலை தெரிந்த சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தேடுவார்கள். வெட்டி ஆபீசரிடம், ஒரு சர்க்கரையை இன்னொரு சர்க்கரையாக மாற்றுகிற குடும்பத்தின் சாடை அப்பட்டமாகத் தெரிந்தது. அதோடு, நடுவில் இருந்த குழிக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது. எக்ஸ்ரே படத்தில் அது மங்கலாக ஒரு திட்டு, ஆறு கார்பன் நீளம். அவள் அதில் ஒரு சர்க்கரையை வைத்துப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. அன்றைக்கு ஆய்வகமே அவள் மேசையைச் சுற்றி நின்றது.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. சர்க்கரையை அது நிஜமாகவே மாற்றுகிறது என்று சோதனைக்குழாயில் காட்ட வேண்டும். அந்த வேலை இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த அவளுடைய கணவனிடம் வந்தது.

எட்டு மாதம் போராடினான். முப்பத்தொரு சர்க்கரை. சூட்டைக் கூட்டினான், குறைத்தான், உப்பை மாற்றினான், புளிப்பை மாற்றினான். வெட்டி ஆபீசர் அசைந்து கொடுக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவன் பக்கத்தில் வைத்த வேறொரு புரதம் அதே கையில், அதே குழாயில் ஒழுங்காக வேலை செய்தது. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது முரட்டுப் புரதம், யார் கையிலும் பிழைக்கும், இதுதான் நோஞ்சான் உடம்பு, இவன் கையில் பட்டதும் செத்துவிடுகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். படத்தில் சர்க்கரை கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது படத்தையா சந்தேகப்படுவார்கள்? மனிதனைத்தான் சந்தேகப்படுவார்கள், அதுதான் சுலபம்.

அவனும் அப்படியே நம்பத் தொடங்கினான். அவனுடைய அக்கா வேறு தொலைபேசியில் அவளிடம் பேசி எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

"அவன் சின்ன வயசுலயே அப்படித்தான்மா. கண்ணாடி டம்ளர் அவன் கையில ஒரு வாரம் தாங்காது. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதே."

மனசில் வைத்துக்கொள்ள வேண்டியவள் தானா அவனா என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. நாத்தனாரிடம் அதையெல்லாம் கேட்க முடியுமா? சரிங்க அண்ணி என்று வைத்துவிட்டாள்.

ஆய்வகத் தலைவியை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் மாமியார் என்பார்கள். வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் அவனுடைய பதவியை நீட்டிப்பதா, முடித்துக்கொள்வதா என்று மாமியார் தீர்மானிப்பதாக இருந்தது.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் புதுப் படம் வந்தது. படத்தை மட்டும் வைத்து ஆய்விதழுக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்த கட்டுரையில் போட அழகாக இருக்கட்டும் என்று, அதே தொகுதிப் படிகம் ஒன்றை இன்னும் சக்தியுள்ள எக்ஸ்ரே கூடத்துக்கு அனுப்பியிருந்தாள். பழைய படத்தைவிட இது பல மடங்கு தெளிவு. குழியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சர்க்கரை நடுவில் அறுந்திருந்தது. ஆறு கார்பன் சங்கிலி இல்லை, மூன்று மூன்றாக இரண்டு துண்டு. இரண்டுக்கும் நடுவே எந்தப் பிணைப்பும் எட்டாத தூரம்.

மூன்று கார்பன் என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அது கிளிசரின். படிகத்தை உறைய வைக்கும்போது உள்ளே பனிக்கட்டி பிடித்து விரிசல் விடாமல் இருக்க, முதலில் கிளிசரினில் ஒரு முக்கு முக்கி எடுப்பார்கள். அவளே தன் கையால் முக்கியது. இரண்டு கிளிசரின் குழிக்குள் புகுந்து ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்க, மங்கல் படத்தில் அவள் அதைச் சர்க்கரை என்று படித்திருக்கிறாள். சர்க்கரைக் குடும்பத்துச் சாடை என்று தெரிந்த பிறகு அவள் கண் வேறு எதையும் தேடவில்லை. வீட்டுக்காரியே தண்ணீர்ச் சொம்பை வாசலில் வைத்துவிட்டு, விருந்தாளி கொண்டுவந்தது என்று ஊரெல்லாம் சொன்ன கதை.

உடனே எழுந்து இரண்டு மேசை தள்ளிப் போயிருக்கலாம். போகவில்லை. இன்னொரு முறை உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஆராய்ச்சிக்காரர்கள் இப்படிச் சொன்னால் பாதி நேரம் அது தள்ளிப்போடுவதற்கு வைத்த மரியாதையான பேர். கிளிசரின் படாமல் எண்ணெயில் முக்கி உறைய வைத்த ஒரு படிகத்தைப் புதன்கிழமை எக்ஸ்ரேயில் ஏற்றினாள். வியாழன் மாலை முடிவு வந்தது. குழிக்குள் வெறும் தண்ணீர். இனி உறுதிப்படுத்த ஒன்றும் பாக்கியில்லை. அப்போதும் சொல்லவில்லை. கட்டுரை அவளுடையது, கைராசியும் அவளுடையது, இரண்டும் ஒரே வாக்கியத்தில் போய்விடும் என்று பயந்தாள். பயம்தான், வேறொன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவன் எழுந்து நின்றான். சுவர்த் திரையில் முப்பத்தொரு வரிசை, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு பூஜ்யம்.

"இப்ப என்ன சொல்ல வர்றீங்க?" என்றார் மாமியார்.

"படம் சரியா இருக்கு மேடம். என் கையிலதான் ஏதோ கோளாறு. வேற யாரையாவது போட்டுப் பாருங்க. நான் விலகிக்கிறேன்."

அதை அவன் முன்கூட்டியே பழகிக்கொண்டு வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. திக்காமல், தடுமாறாமல் சொன்னான். அவளால் அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"மேடம், அவர் கையில ஒரு கோளாறும் இல்ல. என் படம்தான் தப்பு."

பழைய படத்தையும் புதுப் படத்தையும் போட்டுக் காட்டினாள். மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நெருங்கி வந்து பார்த்தார்.

"குழிக்குள்ள எதைப் பாத்தாலும், முதல்ல அது நாம போட்டதான்னு பாருங்கன்னு எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்தியிருக்கேன்? கட்டுரையை இன்னிக்கே திரும்ப வாங்கும்மா." பிறகு அவன் பக்கம் திரும்பினார். "உங்க முப்பத்தொண்ணும் உண்மைதான் போலிருக்கே. சர்க்கரை இல்லைன்னு ஆயிடுச்சு. வேற எதுன்னு தேடுங்க. இன்னும் ஒரு வருஷம் இருங்க."

வெட்டி ஆபீசர் மறுபடி வெட்டி ஆபீசர் ஆனார். கைராசிக்காரி என்று அன்று அவளை யாரும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் வீட்டில் அவன் குஷியாக இருந்தான். தட்டுகளைக் கழுவிக்கொண்டே தானாகச் சிரித்தான்.

"அப்ப எட்டு மாசமா நான் ஒழுங்காத்தான் செஞ்சிருக்கேன். அக்காகிட்ட சொல்லணும்."

"என் மேல கோபம் இல்லையாப்பா?"

"எதுக்கு? அந்தப் படத்தை யார் பாத்தாலும் சர்க்கரைன்னுதான் சொல்லுவாங்க. நானும்தானே பாத்தேன்?"

துணியை எடுத்துத் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"ஆமா, அந்தப் புதுப் படம் எப்ப வந்துச்சு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டான்.

இன்றைக்குக் காலையில் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நம்பிவிடுவான். எட்டு மாதம் நம்பினவன்.

"செவ்வாய்க்கிழமை."

குழாயை மூடினான்.

"புதன்கிழமை நான் கடைசியா ஒரு தடவைன்னு எல்லாத்தையும் முதல்லேருந்து செஞ்சேனே. சாப்பிடக்கூடப் போகாம. எதிர்ல நீ இருந்தே."

"இருந்தேன்."

"பாத்துக்கிட்டா இருந்தே?"

"ஆமா."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டான். எட்டு மாதத்தை ஒரு சிரிப்பில் விட்டுக்கொடுத்தவனிடம் அந்த மூன்று நாளுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல், அவள் ஏற்கெனவே துடைத்த தட்டையே துடைத்துக்கொண்டு நின்றாள்.