சாரைகள் புரண்ட வேட்டி

மகளின் கலியாணத்துக்கு முதல்நாள் காலை, பூச்சி உருண்டை மணம் போகட்டும் என்று பரமலிங்கத்தின் பட்டு வேட்டியைக் கொடியில் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் செல்வநாயகம் கனகராயன்குளத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த வேட்டி அது. அதை உடுத்தித்தான் மணவறையில் நிற்க வேண்டும். தவறினால் சம்பந்தியின் மனம் நோகும். சிறிய விடயங்களுக்குப் பெரிதாக நோவதில் அவர் தேர்ந்தவர்.

அக்கராயனில் அவர்களுடைய வளவுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுகிறது. அதன் கரையில் இரண்டு சாரைகள் முறுக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றதை முதலில் கண்டவர் மனைவி சிவலட்சுமி.

"இஞ்சேருங்கோ, பாம்புப் பிணையல்! துணி ஒண்டு போடுங்கோ, கெதியா! அந்தத் துணியை அலுமாரிக்குள்ள வைச்சால் வீடு நிறையும்."

"எதைப் போடுறது?"

"கைக்கு எட்டினதைப் போடுங்கோவன்!"

கைக்கு எட்டியது கொடியில் கிடந்த வேட்டி. விரித்தெறிந்த பிறகே, எறிந்தது எதுவென்று இருவருக்கும் உறைத்தது.

வேட்டி பாம்புகளோடு எழுந்தது, சாய்ந்தது, சேற்றில் புரண்டது. கிட்டப் போக முடியாமல் பரமலிங்கம் நின்று பார்த்தார். பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வந்தது. வேட்டிக்கு வெளியே நீண்ட தலைகளில் ஒன்று மற்றதை நிலத்தோடு அமுக்கியது. அது நழுவி எழுந்து இதனை அமுக்கியது. கடி இல்லை, கொஞ்சலும் இல்லை. கடைசியில் ஒன்று களைத்து வயலுக்குள் ஓடியது. வென்றது, வரம்போரம் அசையாது கிடந்த மெலிந்த மூன்றாவது சாரையை நோக்கி ஊர்ந்தது.

"இஞ்சேர், இது பிணையல் இல்லை. ரெண்டும் ஆண். பொம்பிளைக்காண்டி அடிபட்டிருக்குதுகள்."

"கதையை விட்டிட்டு வேட்டியை எடுங்கோ."

எவ்வளவு தோய்த்தும் சரிகைக்கு மேலே வளைந்து வளைந்து ஒரு மண்தடம் எஞ்சியது. மறுநாள் மணவறையில் செல்வநாயகத்தின் பார்வை முதலில் விழுந்ததும் அதன்மீதுதான்.

"என்ன சம்பந்தி, நான் தந்த வேட்டியில ஊத்தை?"

பரமலிங்கம் வாய் திறக்குமுன் சிவலட்சுமி முந்திக்கொண்டார். "ஊத்தை இல்லை அண்ணை. நேற்றுச் சாரைப் பிணையலுக்குப் போட்ட துணி."

செல்வநாயகம் குனிந்து தடத்தைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். "அப்ப இது பிள்ளையளின்ர அலுமாரிக்கு எல்லோ போகவேணும்!"

பரமலிங்கம் உண்மையைச் சொல்லும் நோக்கத்தோடு தொண்டையைச் செருமினார். சொன்னதோ வேறு.

"பாதிதான் தருவன்."

சிவலட்சுமி அவருடைய காதருகே சாய்ந்தார். "வெண்ட பாம்பு கிடந்த பக்கம் எங்களுக்கு."