அறுபத்திரண்டு டிகிரியில் ஒரு தொடை

பாலிதீன் பை தலையணை மாதிரி உப்பியிருந்தது. கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டினேன். அடுத்த நொடி என் மனைவி ஷோபனா மூக்கைப் பொத்திக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடினாள். உள்ளே இருந்தது அண்ணன் வீட்டுக் கிடாவின் தொடை. கெடுத்தது நான். இந்த ஒரு காரியத்தில் எனக்குப் பங்காளி யாரும் கிடையாது.

அவலூர்பேட்டையில் இருக்கும் அண்ணன் ரங்கநாதன் என்னோடு பேசி ரெண்டு வருஷமாகிறது. ஏன் என்று கேட்டால் சொந்தக்காரர்கள் எல்லோரும் மின்விசிறியைப் பார்ப்பார்கள். முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டினால் பங்காளி வீடுகளுக்குப் பச்சைக்கறி போவது எங்கள் வழக்கம். ரெண்டு வருஷமாக எங்களுக்கு மட்டும் வரவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி ஜெயக்கொடி பஸ் ஏறி வந்து, பெரிய தூக்கு ஒன்றில் முழுத் தொடையை வைத்துவிட்டுப் போனார். கறி வந்த பாத்திரம் குழம்போடுதான் திரும்பிப் போகவேண்டும். அதை வாங்க நாளை சாயங்காலம் அண்ணனே வருவார் என்றார். அதாவது, சாப்பிட வருகிறார்.

குக்கரில் அஞ்சு விசில் விட்டால் முடிந்தது என்றாள் ஷோபனா. எனக்கு விசில் போதுமா? ஆன்லைனில் ஒரு கருவி வாங்கி வைத்திருந்தேன். தண்ணீரில் செருகினால் சூட்டை அறுபத்திரண்டு டிகிரியிலேயே பிடித்துவைக்கும். காற்று எடுத்த பையில் கறியைப் போட்டு அதில் முழுகவிட்டால், பத்து மணி நேரத்தில் பஞ்சாகிவிடுமாம். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் ஸ்பூனால் வெட்டிக் காட்டினார். காற்றை எடுக்கும் மெஷின் என்னிடம் இல்லை. இளநீர் குடிக்கும் குழாயைச் செருகி வாயால் உறிஞ்சினேன். மிளகாய்த்தூள் தொண்டைக்கு வந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு சுவிட்சைப் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்திலுள்ள என் செல்போன் கடைக்குக் கிளம்பினேன். ஷோபனாவும் வேலைக்குப் போய்விட்டாள். ஒன்பது மணிக்கு கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, அஞ்சு மணிக்குத்தான் வரும். நான் அட்டையால் விசிறிக்கொண்டு, வந்த கஸ்டமரிடமெல்லாம் நாட்டு நடப்பைத் திட்டினேன். என் வீட்டுக்கும் அதே கரண்ட்தான் என்பது சாயங்காலம் கதவைத் திறக்கும்வரை தோன்றவில்லை. அறிவிப்பு முந்தின நாள் பேப்பரிலேயே வந்திருந்தது. அந்தப் பேப்பரைத்தான் கறிப்பை முழுகியிருந்த தண்ணீர்ப் பாத்திரத்துக்கு அடியில் விரித்திருந்தேன்.

தோட்டத்திலிருந்து திரும்பிய ஷோபனா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "ரெண்டு வருசம் கழிச்சி ஒரு மனுசன் இறங்கி வராரு. அவருக்குப் போயி வித்த காட்றியே, இன்னா ஆளுய்யா நீ?" என்றாள். பிறகு முட்டைக் குழம்புக்கு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். அவள் நறுக்கிய வேகத்தில் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஆறரைக்கு அண்ணன் வந்தார். உட்காரவில்லை. கழுவிக் கவிழ்த்திருந்த தூக்கைப் பார்த்தார். நான் பை, குழாய், கரண்ட் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நடுவில் சிரிப்புக் காட்டவும் பார்த்தேன். அவர் முகம் அசையவில்லை.

"சாமிக்கு வெட்டுன கிடாவ வெந்நீர்ல குளிப்பாட்டுனியா?" என்றார். "உனக்கு எது கெடச்சாலும் வேடிக்கதான்."

தூக்கை எடுத்துக்கொண்டு திரும்பினார். முட்டைக் குழம்பு இருக்கிறது மாமா என்று ஷோபனா சொன்னது காதில் விழாதது போல நடந்தார்.

அப்போதுதான் எனக்கும் கோபம் ஏறியது. ஓடிப்போய்த் தூக்கின் கைப்பிடியைப் பிடித்தேன். அவர் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம். ஐம்பது வயசு நெருங்கும் ரெண்டு பேர், தெரு பார்க்க.

"இன்னிக்கித் தொடைக்காகப் போற, சரி. ரெண்டு வருசமா எதுக்குண்ணா வரல? ஊர்ல ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான். நீ சொல்லு. சொல்லாம வுட மாட்டேன்."

கைப்பிடியிலிருந்து என் விரல்களை அவர் விலக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக.

"இந்த வூட்டு கிரகப்பிரவேசத்துல பந்தி விசாரிக்க வேண்டியவன் நானு. நீ பந்தியே போடாம, எல்லாரும் எடுத்துப் போட்டுக்குங்கன்னு சொல்லிட்டு போட்டோ புடிக்கப் போயிட்ட. கூடப்பொறந்தவன் வூட்ல காலித் தட்ட ஏந்திக்கினு லைன்ல நின்னேன்டா. சாப்டியாண்ணான்னு நீ ஒரு வார்த்த கேக்கல. பசியோடவே பஸ் ஏறினேன். அதான்."