மிஷினுக்குப் பூசிய மஞ்சள்

தினகரன் எதையும் தெரியாது என்று சொன்னதில்லை. காற்று எப்போது திரும்பும், பொன்னேரி பஸ் ஏன் வரவில்லை, எதைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருப்பான். பாதி தப்பு. சொல்லுகிற தோரணையில் கேட்கிறவன் தலையாட்டிவிடுவான், அவ்வளவுதான்.

அவன் பெண்டாட்டி மனோரமா சென்னையில் பத்து நாள் தங்கி ஸ்ப்ரே மிஷின் ஓட்டப் பழகி, மிஷினோடு வந்து இறங்கினாள். இரண்டு டிரம்மில் இரண்டு கெமிக்கல். தனித்தனிக் குழாயில் வந்து, கையில் பிடித்து அடிக்கிற ஸ்ப்ரே கன் மூக்கில்தான் கலக்க வேண்டும். வெளியே விழுந்தால் நுரையாகப் பொங்கி இறுகும். உள்ளேயே கலந்தால் மிஷின் கல்லாகிவிடும். பழவேற்காட்டுக் கரையில் அவளுக்கு முதல் வேலை, பால்ராஜ் படகின் ஐஸ் பெட்டிக்கு, ஐஸ் சீக்கிரம் உருகாமலிருக்க, நுரை அடிப்பது. விடிந்தால் பால்ராஜ் கடலுக்குப் போகிறார்.

புதுசாக எது வந்தாலும் பூஜை போடாமல் தொடுகிற ஊரா அது? கெமிக்கல் பக்கத்தில் கற்பூரமே ஆகாது என்று மனோரமா சொல்லிவிட்டாள். சாமிக்குக் குறை வைக்கலாமா என்று தினகரன் அதற்கும் சேர்த்து மஞ்சளையும் குங்குமத்தையும் அள்ளிப் பூசினான். குழாய் முனைகளில் இருந்த சிவப்பு டேப்பும் நீல டேப்பும் பூஜைக்கு அழகாக இல்லையென்று முதலிலேயே உரித்துப் போட்டிருந்தான். கடைசியில் குழாய்களை டிரம்மில் மாட்டியதும் அவன்தான்.

முழு உடுப்பு, கையுறை, கண்ணாடி, முகமூடி என்று மனோரமா வந்து நின்றபோது கரையே சிரித்தது. அவள் கண்டுகொள்ளவில்லை. எல்லோரையும் காற்று வருகிற பக்கமாகத் தள்ளி நிற்கவைத்தாள். அடித்துப் பார்க்க ஓர் அட்டைப் பெட்டியை வைத்தாள். சிவப்பை ஏ டிரம்மிலும் நீலத்தை பி டிரம்மிலும் சரியாக மாட்டினாயா என்று புருஷனைக் கேட்டாள்.

"கண்ண மூடிக்கினு மாட்டுவேன்."

சொன்ன பிறகுதான் அந்த டேப்புகள் எதற்கு என்று அவனுக்கு உறைத்தது. நாற்பது பேர் பார்க்கிறார்கள். இப்போது வாயைத் திறந்தால் மானம் போகும், திறக்காவிட்டால் மிஷின் போகும். பாவி மனுஷன் அதிலும் ஒரு நிமிஷம் யோசித்தான். அவள் கை ஸ்விட்சுக்குப் போயிற்று.

"நிறுத்து மனோ. டேப்ப நான் உரிச்சுட்டேன். எது எதுன்னு எனக்குத் தெரியாது."

ஊர் சிரிக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

மனோரமா முகமூடியைத் தூக்கிக் குழாய்களைப் பார்த்தாள். மஞ்சளில் இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருந்தன.

"எனக்கும் தெரியல. கழட்டிப் பாத்துதான் சொல்லணும்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

தினகரன் கண்ணைத் திறந்தான். பழகிவிட்டு வந்தவளே இவ்வளவு சுலபமாகச் சொல்கிறாளே! ஒருவரும் சிரிக்கவில்லையே!

மிஷினை விற்றவர்கள் ஓட்டிக்காட்டியபோது விட்ட கெமிக்கல் குழாய்களில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டைத் தனித்தனித் துணியில் விட்டாள். ஒன்று கரும்பழுப்பு, மற்றது தேன் நிறம். டிரம்களைத் திறந்து ஒப்பிட்டாள். மாற்றித்தான் மாட்டியிருந்தான். ஸ்விட்சைப் போட்டிருந்தால் மிச்சமும் புதுசும் குழாய்க்குள்ளேயே கலந்து இறுகியிருக்கும்.

"நீ வாயத் தொறந்ததால மிஷினு பொழச்சுது" என்றாள். குழாய்களைச் சரியாக மாட்டி, முதலில் அட்டைப் பெட்டியில் அடித்துப் பார்த்தாள். பிறகு ஐஸ் பெட்டியில் அடிக்க, நுரை புஸ்ஸென்று பொங்கி எழுந்தது. கரை கைதட்டியது.

பால்ராஜ் மட்டும் யோசனையாக நின்றார்.

"அப்போ போன மாசம் என் எஞ்சின பிரிக்கச் சொன்னியே, அது?"

"அதுவும் தெரியாதுதான்ணா" என்றான் தினகரன், பெரிய பாரம் இறங்கியவனாக. சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மனோரமாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.