நானூற்றுப் பன்னிரண்டு

பல ஆய்வுக் குழுக்கள் முறைவைத்துப் பயன்படுத்தும் பொது மைக்ராஸ்கோப் அறையை அவள்தான் பார்த்துக்கொண்டாள். அன்று காலை பத்து மணி முறைக்கு வந்த ஆராய்ச்சி மாணவி நீட்டிய செல் வளர்ப்புத் தட்டில் 412 என்று எழுதியிருந்தது. அந்த எண்ணை அவள் இன்னொரு முறை படித்தாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் அண்ணனின் வயிற்றிலிருந்து எடுத்து ஆய்வகத்துக்கு வந்த புற்றுநோய்க் கட்டிக்கு அந்த எண்ணை ஒட்டியதே அவள்தான். "என்னைப் படுத்தின பாடு போதும். உன் ஆபீஸுக்கு வந்தாவது உருப்படியா ஏதாச்சும் பண்ணட்டும்," என்று சிரித்துக்கொண்டே, அதை ஆய்வுக்குக் கொடுக்க அண்ணன் சம்மதக் கையெழுத்துப் போட்டான். அடுத்த மாதமே போய்ச் சேர்ந்தான். கட்டியின் செல்கள் மட்டும் ஆய்வகத்தில் வளர்ந்துகொண்டிருந்தன.

தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து, திரையில் படம் தெளியும்வரை குமிழைத் திருகினாள். செல்கள் சுருங்கி உடைந்து கிடந்தன.

"அக்கா, நம்ம புது மருந்து வேலை செய்யுது!" மாணவி துள்ளினாள். "எதுக்குமே மசியாம இருந்துச்சு இந்த 412. இப்பப் பாருங்க, ஒண்ணு விடாம செத்துப்போச்சு!"

"ரொம்ப நல்லதும்மா," என்றாள் அவள். சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"ஏன்க்கா அழறீங்க?"

"இது எங்க அண்ணனோடது."

மாணவியின் முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா இந்த மருந்து?" என்று கேட்டு, மேசையில் தலை சாய்த்து விம்மினாள்.

பதினோரு மணி முறைக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். மாணவி எழுந்து போய், "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்," என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.