பெயின்ட் மேல் முடுக்கிய எர்த்

1

“ரிப்போர்ட்டுல என் பேரப் போடணும் சார்.”

கதை இந்த ஒரு வரியிலிருந்து வந்தது. செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் ஒரு பெண், தான் இப்படிக் கேட்டுவிட்டதாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். மீதியை ரயில் இரைச்சல் தின்றுவிட்டது. ஆகவே மீதி என் பொறுப்பு.

அவளுக்குப் பிரின்சி என்று பெயர் வைத்தேன். வீட்டில் இன்ஜினியரிங் முடித்த முதல் ஆள். கும்மிடிப்பூண்டியில், ராலி பந்தயக் கார்களைத் தயார்செய்யும் ஒர்க்‌ஷாப்பில் வேலை கொடுத்தேன். இரண்டு வருடமாக அவள் கண்டுபிடித்த பழுதெல்லாம் சீனியர் மெக்கானிக் மோகன்ராஜின் பெயரில்தான் ரிப்போர்ட்டாகப் போகிறது. “பேரு கீருன்னு கேட்டுடாத” என்று சேர்ந்த அன்றே எச்சரித்தவர், தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்க்கும் அவள் அப்பா.

2

(கைவிட்ட தொடக்கம்: ‘காலைச் சூரியன் சிவப்பு பானெட்டின் மேல்—’ வேண்டாம். சூரியனுக்கு இங்கே வேலை இல்லை.)

வேலை பேட்டரிக்கு. ஜெரால்ட் என்பவர் ஓட்டும் ராலி கார். கூடுதல் விளக்குகள், பெரிய ஃபேன், பெரிய பெட்ரோல் பம்ப். எல்லாம் ஓடினால் பேட்டரி இறங்கிவிடுகிறது. ஒர்க்‌ஷாப் ஓனர் துளசிராமன், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பெரிதாக மாட்டினார். அப்படியும் இறங்கியது.

பிரின்சி எல்லாவற்றையும் ஓடவிட்டு மீட்டரை வைத்தாள். ஆல்டர்னேட்டரில் 14.2 வோல்ட். பேட்டரியில் 12.6. மின்சாரம் கிளம்புகிறது; முழுசாக வந்து சேரவில்லை. இன்ஜினிலிருந்து பேட்டரி மைனசுக்குத் தனியாக ஒரு கேபிளை மாட்டினாள். பேட்டரியில் 13.9.

போன மாதம்தான் இன்ஜின் அறைக்குள் புதுப் பெயின்ட் அடித்தார்கள். அந்தப் பெயின்ட்டின் மேலேயே எர்த் ஒயரை வைத்து போல்ட்டை முடுக்கியிருந்தார்கள்.*

* மின்சாரம் போனால் போதாது, திரும்பவும் வேண்டும். திரும்பும் வழிக்குப் பெயர் எர்த். பெயின்ட் அதை மறிக்கும். கல்லூரியில் இதற்கு ஒரு மதிப்பெண்.

3

“அண்ணே, பெயின்ட்டு மேல முடுக்கினா கரண்ட்டு எப்டிண்ணே திரும்பும்?”

“படிச்ச பொண்ணுல்ல? நீயே கூப்டு, வரும்.”

மோகன்ராஜை முதலில் வில்லனாக எழுதினேன், அடித்துவிட்டேன். இந்த ஒர்க்‌ஷாப்பில் முதலில் பானெட்டைத் திறந்து விளம்பரத்துக்குப் போட்டோ எடுப்பார்கள், அப்புறம்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். கீறல் விழுந்தால் திட்டு வாங்குவது அவர்தான்.

4

“ரிப்போர்ட்டுல என் பேரப் போடணும் சார். கண்டுபுடிச்சது நானு.”

“இன்னாம்மா கண்டுபுடிச்ச, ராக்கெட்டா?” துளசிராமன் சிரித்துவிட்டு ஒரு தாளை நீட்டினார். “கேட்டல்ல? போட்டாச்சி.”

தாளில்: ‘ஆல்டர்னேட்டரில் உற்பத்திக் குறைபாடு. சோதித்தவர்: பொறியாளர் பிரின்சி.’

“இன்ஜினியர் கையெழுத்துன்னா கம்பெனிக்காரன் மாத்திக் குடுப்பான். போடு.”

“ஆல்டர்னேட்டர் நல்லாக்கீது சார். பெயின்ட்டச் சொரண்டிட்டு, தடி ஒயரா இழுத்தா சரியாப்பூடும்.”

“நாளைக்கு போட்டோ வெச்சிக்கினு சொரண்டச் சொல்றியா?”

“காட்டு ரோட்ல வெளக்கு நின்னுபோனா, ஓட்றவரு செத்துப்பூடுவாரு சார்.”

“இன்னாமே பேஜாரு பண்ணிக்கினு கீற? உங்கப்பன் வந்து கெஞ்சினதாலதான உன்ன வெச்சேன்?”

5

முடிவு அ: கையெழுத்துப் போடுகிறாள். வேலையும் பெயரும் மிஞ்சுகின்றன. அப்பாவுக்கு நிம்மதி.

முடிவு ஆ: துளசிராமன் மனம் மாறி, தானே உப்புத்தாளை எடுத்து— எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

[முடிவு இ: துளசிராமன் வீட்டு நெல்வயலில் ஒரு காலத்தில் அவள் தாத்தா— இல்லை. இவள் கோபத்துக்கு இந்தத் தாளே போதும்.]

நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள் பேனாவை எடுத்துவிட்டாள். ‘உற்பத்திக் குறைபாடு’ என்பதை அடித்தாள். மூன்று அளவுகளையும் எழுதினாள். ‘எர்த் போல்ட் பெயின்ட்டின் மேல் உள்ளது. இந்த நிலையில் ஓட்டக் கூடாது.’ கையெழுத்து. போனில் படம் பிடித்து ஜெரால்டுக்கு அனுப்பினாள்.

“கேட்டத் தாண்டினா திரும்பி வராத!”

“வரதுக்கா சார் லாக்கரக் காலி பண்ணிக்கினு வந்தேன்?”

எனக்கே அது அப்போதுதான் தெரிந்தது. துளசிராமனின் அறைக்குள் நுழையும் முன்பே முடிவெடுத்திருக்கிறாள். நான் மூன்று முடிவுகளோடு உட்கார்ந்திருக்கிறேன். ஜெரால்ட் காரை நிறுத்துவாரா, அவள் அப்பா இன்றிரவு என்ன சொல்வார் என்பதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவளை மட்டும் திரும்பக் கூப்பிடாதீர்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சிப்காட் சாலையில் லாரிகளுக்கு நடுவே வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறாள்—